வாக்குப் பெட்டியும் கல்லாப் பெட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஓர் ஊரில் எந்தக் கடை இருக்கிறது என்று சொன்னாலே, அந்த ஊர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் என்று சொல்லிவிடலாம் என்கிறான் அங்கே வேலை பார்க்கும் என் மகன். இதில் உண்மை உண்டா, அல்லது வேடிக்கைப் பேச்சா? (வாசகர், மதுரை)

பதில்: வேடிக்கையாகத் தொடங்கி, புள்ளிவிவரமாகவே நிலைத்துவிட்ட பேச்சு இது. தேர்தல் ஆய்வாளர் டேவிட் வாஸர்மன் இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, இயற்கை வேளாண் காய்கறிகளையும் விலை உயர்ந்த மளிகைப் பொருள்களையும் விற்கும் ஹோல் ஃபுட்ஸ். மற்றொன்று, நாட்டுப்புறக் கடையின் தோற்றத்தில், வாசலில் ஆடும் நாற்காலிகளைப் போட்டு, தென்மாநிலச் சமையலைப் பரிமாறும் கிராக்கர் பேரல். இந்த இரு கடைகளும் உள்ள கவுண்டிகள், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகள், அதிபர் தேர்தலில் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று அவர் ஒப்பிட்டார். 2016-இல் கிராக்கர் பேரல் உள்ள கவுண்டிகளில் 76 சதவீதத்தைக் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வென்றார்; ஹோல் ஃபுட்ஸ் உள்ளவற்றில் அவர் வென்றது 22 சதவீதம்தான். 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஹோல் ஃபுட்ஸ் கவுண்டிகளில் 85 சதவீதத்தையும் கிராக்கர் பேரல் கவுண்டிகளில் 32 சதவீதத்தையும் பெற்றார். 1992-இல் அதே கட்சியின் பில் கிளின்டன் வென்றபோது, இரு வகைக் கவுண்டிகளிலும் அவர் வென்ற சதவீதங்களுக்கு இடையிலான இடைவெளி ஏறத்தாழ 20 புள்ளிகளாகத்தான் இருந்தது என்பதே இதில் என்னை அதிகம் கவர்ந்த செய்தி. 24 ஆண்டுகளில், அதாவது 2016-க்குள், அது 54 புள்ளிகளாக விரிந்துவிட்டது.

ஆனால் உங்கள் மகன் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு கவுண்டியை ஒரு கட்சி வென்றது என்பதற்கு அங்கே வாழ்வோர் எல்லாரும் அக்கட்சியினர் என்று பொருளில்லை. ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று பெயர் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2020-இல் டிரம்புக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; அமெரிக்காவின் பல சிறிய மாநிலங்களில் பதிவான மொத்த வாக்குகளைவிட இது அதிகம். அந்த வாக்காளர்களில் எத்தனையோ பேர் ஹோல் ஃபுட்ஸில்தான் தக்காளி வாங்குவார்கள். ஊரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒன்றை, வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: அப்படியென்றால் புதிய கிளை திறக்கும் நிறுவனங்கள் தேர்தல் முடிவுகளைப் பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனவா? (வாசகி, திருச்சி)

பதில்: அவை முதலில் பார்ப்பது வேறு சிலவற்றை. குறிப்பிட்ட தொலைவுக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள், குடும்ப வருமானம் எவ்வளவு, பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், சாலையில் எத்தனை வண்டிகள் போகின்றன, வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்பவையே அந்தக் கணக்குகள். 1967-இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் முதல் ட்ரேடர் ஜோஸ் மளிகைக் கடையைத் திறந்த ஜோ கூலோம், அதிகம் படித்திருந்தும் படிப்புக்கேற்ற சம்பளம் கிடைக்காதவர்களையே தம் வாடிக்கையாளர்களாக மனத்தில் வைத்தார். ஆசிரியர்கள், இசைக் கலைஞர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோர் அவர்கள். அந்தக் காலத்தில் படிப்பாளிகள் எல்லாரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர்கள் அல்லர். பின்னாளில்தான் பட்டதாரிகள் ஜனநாயகக் கட்சியின் பக்கமும், கல்லூரிக்குப் போகாத வெள்ளையர் குடியரசுக் கட்சியின் பக்கமும் பெருமளவில் நகர்ந்தார்கள். படித்தவர்களைத் தேடிப் போன கடை, தான் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியிருந்த வாக்குகளின் நிறம் மாறியது. மேலே சொன்ன 20 புள்ளி 54 புள்ளியானதற்கு இதுவே பெரும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கிராக்கர் பேரலின் கதையும் இப்படித்தான். 1969-இல் டென்னசி மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூரில், எரிபொருள் விற்பனைத் தொழிலில் இருந்த டான் எவின்ஸ், நெடுஞ்சாலைப் பயணிகள் பெட்ரோல் போடும்போது சாப்பிட்டுவிட்டும் போகட்டும் என்று அதைத் தொடங்கினார். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் வெளியேறும் வழிகளில் கடை வைப்பதே அதன் உத்தியாக இருந்தது. அவ்விடங்கள் பெரும்பாலும் சிறு நகரங்களும் புறநகர் ஓரங்களுமாக இருந்ததால், அவற்றின் அரசியலும் கடையோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று.

ஹோல் ஃபுட்ஸைத் தாராளவாதிகளின் கடை என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் மேக்கி, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற கொள்கை உடையவர். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்து 2009-இல் அவர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் கட்டுரை எழுதியபோது, அவருடைய வாடிக்கையாளர்களே கடையைப் புறக்கணிக்க அறைகூவல் விடுத்தார்கள். ஆயினும் நிறுவனம் தொடர்ந்து வளர்ந்தது. 2017-இல் அமேசான் அதை 1,370 கோடி டாலருக்கு வாங்கியது.

கேள்வி: ஊரின் அரசியல் சாய்வு கடைக்குப் பொருந்தியிருந்தால் கடை வெற்றி பெறும் என்று கொள்ளலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கொள்ள முடியாது. அதற்குச் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியே போதும். அங்கே ஜனநாயகக் கட்சிக்கு விழும் வாக்கு விகிதத்தை வேறெங்கும் காண்பது அரிது. மேற்சொன்ன கணக்குப்படி ஹோல் ஃபுட்ஸ் அங்கே கொழித்திருக்க வேண்டும். நகர நிர்வாகத்தின் ஊக்கத்தோடு 2016-இல் அங்கே ஒரு கிளை திறக்கப்பட்டது, 2022-இல் மூடப்பட்டது. எங்கிள்வுட் ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழும் பகுதி. அவர்களின் வாக்கு ஒரு பக்கமாக இருந்ததே தவிர, அவர்களின் பை அந்த விலைக்கு இசையவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் மைய மார்க்கெட் தெருப் பகுதியில் 2022-இல் திறக்கப்பட்ட கிளை, ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஓராண்டு கடந்த சில வாரங்களிலேயே மூடப்பட்டது. அந்த நகரின் அரசியல் சாய்வைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்க முடியாது.

கேள்வி: உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனமான வால்மார்ட்டுக்கு நியூயார்க் நகரில் ஒரு கடைகூட இல்லை என்று படித்தேன். இதற்கு அரசியல்தானே காரணம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இங்கேதான் அரசியல் மறைமுகமாக இல்லாமல் நேராகவே கடையின் வாசலில் வந்து நிற்கிறது. வாக்களிப்பு என்பது வெறும் அடையாளமாக இருக்கும் வரை அது கடையை ஒன்றும் செய்வதில்லை. அதே வாக்கு நகர மன்றத்தில் நில அனுமதியாகவும் ஊதியச் சட்டமாகவும் மாறும்போது விஷயம் வேறாகிறது.

1962-இல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் நகரில் சாம் வால்டன் தம் முதல் வால்மார்ட்டைத் திறந்தபோது, பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களில் கால் ஊன்றுவது என்ற முடிவோடு இருந்தார். மலிவான நிலமும் தொழிற்சங்கம் அதிகம் இல்லாத சூழலும் அதற்குத் துணை நின்றன. பல பத்தாண்டுகள் கழித்துப் பெருநகரங்களுக்குள் நுழைய முயன்றபோது, தொழிற்சங்கங்கள் செல்வாக்கோடு இருந்த இடங்களில் அது மோத வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரில் 60 ஏக்கர் நிலத்தில் கடை கட்ட, வழக்கமான சுற்றுச்சூழல் ஆய்வையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பையும் தவிர்த்துவிடும் வகையில் 2004 ஏப்ரலில் நிறுவனமே ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள்.

சிகாகோவின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. 2006 ஜூலையில் அந்நகர மன்றம், 90,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளை நடத்தும் பெரு நிறுவனங்கள் மணிக்கு 10 டாலர் ஊதியமும் அதற்கு மேல் 3 டாலர் மதிப்புள்ள சலுகைகளும் படிப்படியாகத் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. செப்டம்பரில் மேயர் ரிச்சர்ட் டேலி தம் 17 ஆண்டுப் பதவிக் காலத்தில் முதன்முறையாக வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் தடுத்தார். அந்தச் செப்டம்பர் இறுதியில் மேற்குச் சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் நகரின் முதல் வால்மார்ட் திறக்கப்பட்டது. இதில் எதிர்த்தவர்களும் ஜனநாயகக் கட்சியினர், ஆதரித்தவர்களும் ஜனநாயகக் கட்சியினர். தொழிற்சங்கங்களோடு நின்றவர்கள் ஒரு பக்கம். தம் வார்டில் ஒரு நல்ல மளிகைக் கடைகூட இல்லை, இளைஞர்களுக்கு வேலையும் இல்லை என்று வாதிட்ட எம்மா மிட்ஸ் போன்ற கறுப்பின மன்ற உறுப்பினர்கள் மறுபக்கம். ஆகவே, இடதுசாரி நகரம் வால்மார்ட்டை விரட்டியது என்று ஒரே வரியில் எழுதிவிடுவோர் நடந்ததில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

வாஷிங்டனிலும் இதே காட்சியே நடந்தது. 2013-இல் பெரிய கடைகளுக்கு மணிக்கு 12.50 டாலர் ஊதியம் என்ற சட்டத்தை மன்றம் 8-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேற்ற, திட்டமிட்ட கடைகளில் மூன்றைக் கைவிடுவோம் என்று நிறுவனம் எச்சரிக்க, மேயர் வின்சென்ட் கிரே அச்சட்டத்தைத் தடுத்தார். கடைகள் திறக்கப்பட்டன. ஆனால் அனகோஸ்டியா ஆற்றுக்கு அப்பால், கடைகள் மிகவும் தேவைப்பட்ட ஏழைப் பகுதிகளுக்கு என உறுதியளிக்கப்பட்ட இரண்டு கடைகளையும் 2016 ஜனவரியில் நிறுவனம் தானாகவே கைவிட்டது. 2023-இல் சிகாகோவிலிருந்த எட்டுக் கடைகளில் நான்கை மூடியபோதும், முதல் கடை திறந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியும் அந்நகரக் கிளைகள் மொத்தத்தில் லாபம் ஈட்டவில்லை என்று அது அறிவித்தது. அனுமதி வாங்கித் தரும் வலிமை அரசியலுக்கு இருக்கிறது. அனுமதி வாங்கிய கடையில் லாபம் வரவைக்கும் வலிமை அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

நியூயார்க்கைப் பொறுத்தவரை, குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு, கிழக்கு நியூயார்க் எனப் பல இடங்களில் முயன்று பின்வாங்கிய வரலாறு உண்டு. ஸ்டேட்டன் தீவு அந்நகரில் குடியரசுக் கட்சிக்குச் சாதகமான பகுதி என்பதைக் கவனியுங்கள். அதே நகரில் வால்மார்ட்டைப் போன்ற பெருங்கடை நிறுவனங்களான டார்கெட்டும் காஸ்ட்கோவும் தடையின்றிக் கடை நடத்துகின்றன. டார்கெட்டிலும் தொழிற்சங்கம் இல்லை. எனவே எதிர்ப்பு கடையின் வகையைவிட, வால்மார்ட்டோடு சேர்ந்துவிட்ட கெட்ட பெயரைத்தான் குறிவைத்தது எனலாம்.

கேள்வி: ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்கள் பெருங்கடைகளை வெறுக்கின்றன, குடியரசுக் கட்சிப் பகுதிகள் வரவேற்கின்றன என்பது சரியா? (வாசகர், சேலம்)

பதில்: சான் ஃபிரான்சிஸ்கோவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். உலகெங்கும் 11 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள நிறுவனங்கள் அங்கே பல பகுதிகளில் கடை வைக்கத் தனி அனுமதி பெற வேண்டும். நார்த் பீச், ஹேஸ் வேலி போன்ற சில பகுதிகளில் அவற்றுக்கு இடமே இல்லை. 2006-இல் மக்களே வாக்களித்து இந்த அனுமதி முறையை நகரின் அக்கம்பக்க வணிகப் பகுதிகள் அனைத்துக்கும் விரிவாக்கினார்கள்.

ஆனால் அதே கலிஃபோர்னியாவின் வேறு பல நகரங்கள் பெருங்கடைகளையும் கார் விற்பனை வளாகங்களையும் தம் எல்லைக்குள் இழுக்கப் போட்டியிடுகின்றன. 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியைச் சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கி, ஆண்டுதோறும் மதிப்பு உயர்வதையும் கட்டுப்படுத்திவிட்டது. வீடுகள் கட்டினால் நகராட்சிக்குச் செலவு மிஞ்சுகிறது; கடை வந்தால் விற்பனை வரியில் ஒரு பங்கு நேராகக் கஜானாவுக்கு வருகிறது. ஆகவே எந்தக் கட்சியைச் சேர்ந்த மேயராயினும், நிலத்தை வீடுகளுக்கு ஒதுக்குவதைவிடக் கடைக்கு ஒதுக்குவதையே விரும்பும்படி வரி முறை அவரை நடத்துகிறது. கொள்கைப் பேச்சைக் கேட்பதோடு, வருவாய்க் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டிய இடம் இது.

மறுபுறம், பழமைவாதப் பகுதிகள் எல்லாம் வணிகத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பவையும் அல்ல. வால்மார்ட்டின் தலைமையகம் உள்ள ஆர்கன்சாவின் பென்டன் கவுண்டி 2012 வரை மது விற்பனைக்குத் தடை விதித்திருந்த பகுதி. அந்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில்தான் தடை நீங்கியது.

கேள்வி: அரசியல் காரணத்துக்காக ஒரு கடையைப் புறக்கணித்தால் உண்மையில் பாதிப்பு ஏற்படுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சில வேளைகளில் மட்டும். மாற்றுப் பொருள் அருகிலேயே கிடைப்பதும், புறக்கணிப்பவர்களே முன்பு பெரிய வாடிக்கையாளர்களாக இருந்திருப்பதும் சேர்ந்தால் அடி பலமாக விழுகிறது. 2023-இல் திருநங்கை ஒருவரைக் கொண்டு விளம்பரம் செய்ததற்காகப் பழமைவாதிகள் பட் லைட் பீரைக் கைவிட்டபோது, பக்கத்து அலமாரியிலேயே வேறு பீர் இருந்தது. 2001 முதல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பட் லைட், சில வாரங்களில் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட மொடெலோவிடம் அந்த இடத்தை இழந்தது.

சிக்-ஃபில்-ஏ கோழி உணவகத்துக்கு 2012-இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிராக அதன் தலைவர் பேசியதைத் தொடர்ந்து பாஸ்டன் மேயரும் சிகாகோ மன்ற உறுப்பினர் ஒருவரும் அந்நிறுவனத்துக்கு எதிராகப் பேசினார்கள். அதற்குப் பதிலாக ஆதரவாளர்கள் ஆகஸ்ட் 1 அன்று கடைகள் முன் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிடும் இந்நிறுவனம் 2015-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெரிய கிளையைத் திறந்தபோது, அந்தத் தாராளவாத நகரத்திலும் வரிசை நின்றது. கோழிக் கறி ருசியாக இருந்தால் கொள்கை சற்று ஓரம் போய்விடும் போலும்.

டார்கெட்டின் அனுபவமே நிறுவனத் தலைவர்களை அதிகம் யோசிக்க வைத்திருக்கும். அது மினியாப்பொலிஸில் வேரூன்றிய நிறுவனம். அதன் வாடிக்கையாளர்களில் நகர்ப்புற, பல இனத்தவர் கணிசமானவர்கள். 2025 ஜனவரியில் அது பன்முகத்தன்மைத் திட்டங்களை, அதாவது கறுப்பினத்தவர் போன்றோருக்கு வாய்ப்பளிக்கும் திட்டங்களை, கைவிடுவதாக அறிவித்ததும், அட்லான்டா வட்டாரத்துக் கறுப்பின தேவாலயத் தலைவர்கள் முன்னின்று புறக்கணிப்பை நடத்தினார்கள். அவ்வாண்டின் முதல் காலாண்டில் அதன் ஒப்பீட்டு விற்பனை (முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட்ட விற்பனை) 3.8 சதவீதம் குறைந்தது. பொருளாதாரச் சூழலோடு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. எதிர் முகாமைத் திருப்திப்படுத்தப் போய், தன் முகாமை இழப்பது இதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கிராக்கர் பேரல் தன் சின்னத்திலிருந்து பீப்பாய் மேல் சாய்ந்திருக்கும் முதியவரை நீக்கிவிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் ஒரு வாரத்திலேயே அவரைத் திரும்பக் கொண்டுவந்ததும் இதே வகையைச் சேர்ந்தது.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஒரு தொடர்பு உண்டா? (வாசகர், விருதுநகர்)

பதில்: கடையின் வகைக்கும் தொகுதியின் வாக்குக்கும் அமெரிக்கப் பாணியில் பொருத்தம் காண்பது இங்கே கடினம். ஆனால் அரசாங்கம் வாசலைத் திறப்பதும் மூடுவதும் இங்கும் நடந்தது. 2012 செப்டம்பரில் பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, கடை திறக்க விடுவதா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. தமிழ்நாட்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மறுத்தார். தி.மு.க.வும் இந்த முதலீட்டை எதிர்த்தது. ஆனால் டிசம்பரில் மக்களவையில் வாக்கெடுப்பு வந்தபோது மத்திய அரசின் பக்கமே நின்றது. சில்லறை வணிகர்களைப் பகைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் இங்கே அரசியல் நடத்த இயலாது என்பதால், கட்சி வேறுபாடு இவ்விஷயத்தில் மறைந்துபோயிற்று. டெல்லியிலும் ராஜஸ்தானிலும் ஆட்சி மாறியதும் முன்பு கொடுத்த இசைவைப் புதிய அரசுகள் திரும்பப் பெற்றன. பின்னர் 2018-இல் வால்மார்ட், ஏறத்தாழ 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி, மாநில இசைவு தேவைப்படாத இணைய வழியில் உள்ளே வந்தது.

கேள்வி: அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடை தொடங்க எண்ணுகிறேன். எந்தக் கட்சிக்குச் செல்வாக்குள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், சென்னை)

பதில்: கட்சியைப் பார்க்க வேண்டாம். நியூஜெர்சியின் எடிசன் அமைந்துள்ள மிடில்செக்ஸ் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் பக்கம். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, பிளேனோ நகரங்களைக் கொண்ட காலின் கவுண்டி பல பத்தாண்டுகளாக அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பக்கம். இரண்டு இடங்களிலும் பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் தாராளமாக விற்கின்றன. கணினி நிறுவனங்களின் வேலைவாய்ப்பும், நல்ல பள்ளிகளும் எங்கே இருக்கின்றனவோ அங்கே நம்மவர்கள் குடியேறுகிறார்கள். அந்த வட்டாரத்தின் வாடகை, வண்டி நிறுத்துமிடம், ஏற்கெனவே இருக்கும் இந்தியக் கடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை விசாரித்துவிட்டு, கடை வைக்கும் மனையில் உணவுப் பொருள் விற்பனைக்கு நகராட்சியின் நிலப் பயன்பாட்டு விதி இடம் தருகிறதா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள்.